பழைய வேகன்ஆர்: தேடுவதில் தொடங்கி ஓட்டிப் பழகுவது வரை

பழைய கார் வாங்குகிறவர்கள் சாவி கைக்கு வந்த அன்றே வாங்கி முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2021-இல் திருநெல்வேலியில் 2014 மாடல் மாருதி வேகன்ஆர் ஒன்றை 2,80,000 ரூபாய்க்கு வாங்கினேன். அடுத்த மூன்று மாதத்தில் அதற்கு ஆன செலவு இது: நான்கு டயர் 15,600, பேட்டரி 4,200, முன்பக்க சஸ்பென்ஷன் வேலை 8,300, ஆயில் மாற்றி முழு சர்வீஸ் 5,900, ஏசி 3,000, பெயர் மாற்றத்துக்கு 4,500, இன்சூரன்ஸ் 8,700. கூட்டினால் 50,200 ரூபாய்.

வண்டி மோசமா என்றால், இல்லை. ஏழு வயது வண்டிக்கு இது நியாயமான செலவுதான். தப்பு என்னுடையது. கையில் இருந்த பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு, டயர் வாங்க மச்சானிடம் கடன் கேட்டேன். அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்களிடம் மூன்று லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்கு வண்டி தேடுங்கள். மீதி ஐம்பதாயிரமும் வண்டியின் விலைதான், கொஞ்சம் தாமதமாகக் கொடுக்கிறீர்கள், அவ்வளவே.

எந்த வண்டி?

எனக்கு வேகன்ஆர் பிடிக்கும் என்பதால் அதை வைத்தே பேசுகிறேன். மற்ற சிறிய கார்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

வேகன்ஆர் இந்தியாவுக்கு வந்தது 1999 கடைசியில். 2010-இல் இரண்டாம் தலைமுறை வந்தது. அதில்தான் 998 சிசி, மூன்று சிலிண்டர் கே10 எஞ்சின். 2019 ஜனவரியில் வந்தது மூன்றாம் தலைமுறை. அது அகலமானது, 1.2 லிட்டர் எஞ்சினும் உண்டு. 2010-க்கு முந்தைய பழைய எஞ்சினில், வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது டைமிங் பெல்ட். அது அறுந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லாவிட்டால், வாங்கியதும் மாற்றிவிட வேண்டும். கே10-இல் டைமிங் செயின். நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஹூண்டாய் ஐ10 தேடுகிறவர்களுக்கும் இதே கணக்கு: 1.1 எஞ்சினுக்கு பெல்ட், 1.2 கப்பா எஞ்சினுக்குச் செயின்.

ஓட்டும் தூரம் குறைவு என்றால் டீசல் பக்கம் போகாதீர்கள். பழைய டீசல் வண்டியில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை மக்கர் செய்தால், அதுவரை எரிபொருளில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போய்விடும். மாருதியே 2020-இல் பிஎஸ்6 புகை விதி வந்தபோது டீசலை நிறுத்திவிட்டது. இந்தியாவை விட்டுப் போன கம்பெனிகளின் வண்டிகள் விலை குறைவாகக் கிடைக்கும். ஷெவர்லே விற்பனை 2017-இல் நின்றது. இங்கே தயாரிப்பதை நிறுத்தப்போவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஃபோர்டின் ஃபிகோ ஓட்ட அருமையான வண்டி, மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு ஹெட்லைட்டுக்கு இரண்டு வாரம் காத்திருக்கும் பொறுமை வேண்டும். வேகன்ஆருக்கு எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் சாமான் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்.

பாதுகாப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த வகைக் கார்களின் பலவீனம் அதுதான். 2019 ஏப்ரலில் ஏபிஎஸ்ஸும் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), அதே ஆண்டு ஜூலையில் டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயமாயின. முன்சீட்டு இரண்டுக்கும் ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 2022-இல். அதற்கு முந்தைய மாடல்களில் பல வேரியன்ட்களில் இவை எதுவும் கிடையாது. ஆர்சியில் (பதிவுச் சான்றில்) உள்ள வேரியன்ட் பெயரைப் பார்த்து விசாரியுங்கள். கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் மூன்றாம் தலைமுறை வேகன்ஆருக்கே முதலில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கிடைத்தது. டாடா டியாகோவுக்கு 2020-இல் நான்கு கிடைத்தது. அடிக்கடி நான்குவழிச் சாலையில் குடும்பத்தோடு போகிறவர் என்றால், டியாகோவையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். என் வண்டி பெரும்பாலும் ஊருக்குள் ஓடுவது, அம்மாவுக்கு மூட்டு வலி, குனியாமல் ஏறி இறங்க உயரமான சீட் வேண்டும். அதனால் வேகன்ஆர்.

வண்டிக்கு முன் காகிதம்

வண்டியைப் பார்க்கப் போகும் முன் நம்பரை வாங்கிக்கொண்டு அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவான தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இ-சலான் தளத்தில் அபராதப் பாக்கியைப் பாருங்கள். ‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி’ என்று விளம்பரத்தில் இருக்கும். செயலியில் மூன்றாவது ஓனர் என்று வரும். எங்கள் ஊரில் விற்பனைக்கு வரும் வண்டியில் பாதி டாக்டர் ஓட்டியது, மீதி பேங்க் மேனேஜர் ஓட்டியது. சாதாரண ஆள் யாரும் கார் ஓட்டுவதில்லை போல.

ஆர்சியில் எச்.பி. (வண்டி மேல் கடன்) என்று ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடனை அடைத்ததற்கான தடையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35-உம் இல்லாமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ‘அது சும்மா, அப்புறம் எடுத்துக்கலாம்’ என்பார்கள். எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள், காத்திருக்கலாம்.

பாண்டிச்சேரி, கேரளா, கர்நாடகா பதிவு வண்டி விலை குறைவாக இருக்கும். அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்று (என்ஓசி, படிவம் 28) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, நம்பர் மாற்றி முடிக்கும்போது வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். அலைச்சல் தனி.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டி என்றால், ஓனரையே கூட்டிப்போய் சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸின்போதும் மீட்டரில் எவ்வளவு ஓடியிருந்தது என்பது அதில் இருக்கும். மீட்டரைத் திருப்பிவிட்டிருந்தால் பிடிபடும் ஒரே நம்பகமான இடம் அதுதான். 2018-இல் 82,000 ஓடியதாகப் பதிவாகியிருக்கும். இன்று மீட்டரில் 61,000 நிற்கும். வரலாறு இல்லாவிட்டால் பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் வழவழப்பு, டிரைவர் சீட்டின் ஓரம் மூன்றையும் பாருங்கள். நாற்பதாயிரம் ஓடிய வண்டியின் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்காது.

பகலில், நிழலில்லாத இடத்தில்

மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி பார்க்காதீர்கள். மழையிலும் வேண்டாம்; நனைந்த வண்டியில் எல்லா பெயின்ட்டும் புதிதாகத்தான் தெரியும். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் காட்டிக்கொடுக்கும் எதையோ மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம். இன்னொரு நாள் காலையில் வாருங்கள்.

முதலில் வெளியே. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவு, மட்கார்டு, கூரை என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பாருங்கள். எங்கே ஒட்டாமல் வழுக்குகிறதோ அங்கே தகரத்துக்கு மேல் பட்டி அடைத்திருக்கிறது. பம்பரில் வைத்துவிட்டுப் பதறாதீர்கள், அது பிளாஸ்டிக். ஊர்த் தெருவில் ஓடிய வண்டியில் கதவில் ஒரு டிங்கரிங் வேலை இருப்பது சகஜம், அதற்காக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. கூரையிலும் கதவுத் தூண்களிலும் பட்டி இருந்தால் வண்டி கவிழ்ந்திருக்கலாம். அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

பானெட்டைத் திறந்து, மட்கார்டையும் பானெட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். கம்பெனியில் போட்ட போல்ட்டின் தலையில் வண்டியின் அதே பெயின்ட் உடையாமல் இருக்கும். ஸ்பானர் பட்டிருந்தால் மூலைகளில் பெயின்ட் உரிந்திருக்கும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இரு பக்கமும் ஏப்ரன் என்று சொல்லப்படும் தகரம். அதன் வெல்டிங் புள்ளிகள் இரு பக்கமும் ஒரே மாதிரி வரிசையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒழுங்காகவும் மறு பக்கம் கரடுமுரடாகவும் இருந்தால் முன்னால் பலமாக அடி வாங்கியிருக்கிறது. சேஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஆர்சியோடு ஒரு எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள்.

அடுத்து வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னை, அதே மாதம் பதினேழு பதினெட்டு தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும். முங்கிய வண்டிகள் கழுவித் துடைத்து வேறு மாவட்டங்களுக்குப் போகின்றன. 2024-இல் மச்சானுக்காக ஒரு வண்டி பார்த்தோம். பளபளவென்று இருந்தது, சென்ட் வாசனை தூக்கியது. அந்த வாசனைதான் எனக்கு உறுத்தியது. பின்சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு, பத்திரத்தில் கோடு போட்ட மாதிரி. புரோக்கர் முகத்தைப் பார்க்காமல் ‘குழந்தைங்க ஜூஸ் கொட்டிருக்கும்’ என்றார். குழந்தைகள் இடுப்பளவு ஜூஸ் கொட்டியிருக்கிறார்கள்!

ஆக, எல்லா சீட் பெல்ட்டையும் முழுதாக இழுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள ரயில், ஸ்பிரிங்கில் துரு இருக்கிறதா பாருங்கள். மேட்டையும் கார்ப்பெட்டின் ஓரத்தையும் தூக்கிக் கையை விட்டுத் தடவுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழியில் மண் படிந்திருந்தாலும் கேள்வி கேளுங்கள். முன் பயணி சீட்டுக்கு அடியில் வேகன்ஆரில் இழுக்கும் தட்டு ஒன்று உண்டு. கழுவுகிறவர்கள் அதற்கு அடியில் கழுவ மறந்துவிடுவார்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வயது தாண்டிய டயரை மாற்றக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் செய்து, ஓட்டி

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். எஞ்சின் லைட், ஆயில் லைட், பேட்டரி லைட், இருந்தால் ஏபிஎஸ், ஏர்பேக் லைட் எல்லாம் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகும் எரிந்தால் பழுது. ஆரம்பத்திலேயே எரியவில்லை என்றால் இன்னும் மோசம். பழுது தெரியக்கூடாது என்று யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, எஞ்சின் வேலை வரும். காலைக் குளிரில் வெள்ளை ஆவி சற்று நேரம் வருவது இயல்பு. எஞ்சின் சூடான பின்பும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். மோர் நுரை மாதிரி வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகம். மூன்று சிலிண்டர் எஞ்சின் நின்ற இடத்தில் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். ஏசி போட்டதும் டேஷ்போர்டே கடகடத்தால் எஞ்சின் மவுன்டிங் போயிருக்கும். அது சின்ன வேலை, விலையில் குறைத்துக் கேட்கலாம்.

குறைந்தது பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், பக்கத்தில் ஓனர், பின்னால் உங்கள் மெக்கானிக். பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டம் போட்டால் டக்டக்கென்று சத்தம் வருகிறதா? ஆக்சில் ஜாயின்ட். வேகத்தடையில் கட்டைத் தட்டுவது போல் கேட்டால் லிங்க் ராட், ஆர்ம் புஷ் என்று சஸ்பென்ஷன் சாமான் வகையறா. நான்காவது கியரில் நாற்பதில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் மட்டும் இரைந்து வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. எண்பதில் ஸ்டியரிங் ஆடினால் வீல் பேலன்ஸிங்கோ ரிம் நெளிவோ. பிரேக் அடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். நிற்கும் வண்டியில் உச்சி வெயிலில் ஏசி ஐந்து நிமிடத்தில் குளிர வேண்டும். ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றதும் வெக்கை அடித்தால் கண்டென்சரோ அதன் ஃபேனோ.

மெக்கானிக்குக் கொடுக்கும் ஐந்நூறு, ஆயிரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். ஆனால் விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக் கூடாது.

விலை

பார்த்த குறைகளைக் காகிதத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் மெக்கானிக் சொன்ன தொகை. ‘கடைசி விலை சொல்லுங்க’ என்று மொட்டையாகக் கேட்பதைவிட, ‘அண்ணாச்சி, டயர் நாலும் 2015. பேட்டரி இழுக்குது. இருபதாயிரம் எனக்கு உடனே செலவு, அதை மட்டும் குறைச்சுக்குங்க’ என்று கேட்டால் ஆள் இறங்கி வருவார். நான் அப்படிக் கேட்டுப் பன்னிரண்டாயிரம் குறைத்தேன். அட்வான்ஸ் கொடுத்தால் வண்டி நம்பர், மொத்த விலை, பெயர் மாற்றம் யார் பொறுப்பு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

பெயர் மாற்றம்: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்

ஓனரிடமிருந்து பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. சட்டப்படி விற்பவர் 14 நாளுக்குள்ளும் (வேறு மாநிலப் பதிவு என்றால் 45 நாள்), வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, காகிதங்களை ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்தால் முடிந்தது. ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் அடையாள, முகவரிச் சான்று கைவசம் இருக்கட்டும்.

விற்பவருக்கு இது இன்னும் முக்கியம். நான் முன்பு ஒரு பழைய வண்டியை விற்றபோது, வாங்கியவர் எட்டு மாதம் பெயர் மாற்றவில்லை. தெரியாத ஊர்களிலிருந்து எனக்கு அபராத எஸ்எம்எஸ் வந்துகொண்டே இருந்தது, வீட்டில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அபராதம் என்றால் பரவாயில்லை. விபத்து நடந்தால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய வண்டி டீலரிடம் விட்டால், 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி அவருக்கு அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். வண்டியை ஒப்படைத்ததை இணையத்தில் பதிவும் செய்ய வேண்டும். டீலரிடம் அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். முகம் மாறினால் வேறு கடைக்குப் போங்கள்.

இன்சூரன்ஸில் இரண்டு விஷயம். வண்டி கைமாறியதை 14 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்து பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தேர்டு பார்ட்டி பாதுகாப்பு (அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது) தானாகவே தொடரும், ஆனால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு, பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே இருந்தால் காசு வராது. அடுத்து நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி: அது வண்டியோடு வராது, ஆளோடு போய்விடும். பழைய ஓனரின் 50 சதவீதத் தள்ளுபடியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 998 சிசிக்கு இங்கே ஒரு சின்ன லாபம் உண்டு: 2022 ஜூனில் அமலான கட்டணப்படி 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு தேர்டு பார்ட்டி பிரீமியம் ஆண்டுக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 சிசி வரை 3,416.

ஃபாஸ்டேக்கை மறக்காதீர்கள். பழைய ஓனர் தன் டேகை மூட வேண்டும், நீங்கள் புதிது வாங்க வேண்டும். மூடாவிட்டால் கயத்தாறு டோலில் நீங்கள் போவது அவர் கணக்கில் விழும். அவர் டேகை முடக்கினால் நீங்கள் வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் மூன்று மாதம்

பழைய ஓனர் என்ன சொன்னாலும் சரி, எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அன்றிலிருந்துதான் உங்கள் கணக்கு. கூலன்டுக்குப் பதில் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருப்பார்கள். எங்கள் பக்கம் இது ரொம்பச் சாதாரணம். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து சரியான கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள். கியர் ஆயிலையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அதை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயில் அளவைப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் வண்டி ஆயில் குடிக்கிறது. இரவு நிறுத்தும் இடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். ஏசித் தண்ணீர் நிறமில்லாமல் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சீட் கவர், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, அலாய் வீல் ஆகியவற்றை இந்த மூன்று மாதத்தில் தொடாதீர்கள். வயரை வெட்டி ஸ்டீரியோ மாட்டிவிட்டு, பேட்டரி இறங்கியதற்குக் காரணம் அதுவா, பழைய பழுதா என்று தெரியாமல் ஒரு நண்பர் ஒரு மாதம் அலைந்தார்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகள் அதற்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும். பெட்ரோல் குழாயின் ரப்பர்களை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அன்றே கொண்டு போங்கள். வாரக்கணக்கில் ஓட்டாமல் போட்டு வைப்பதும் நல்லதல்ல.

ஓட்டும் விதம்

இந்த வண்டியின் அதிகபட்ச இழுவை 90 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,500 ஆர்பிஎம்மில். அதாவது மெதுவாகச் சுற்றும்போது இழுக்காது. ஐந்தாவது கியரிலேயே லாரியை முந்தப் பார்த்தால் லாரி டிரைவரே சிரிப்பார். எதிரே நன்றாக இடம் இருக்கிறதா என்று பார்த்து, முன்கூட்டியே மூன்றாவது கியருக்கு இறக்கி, எஞ்சின் இரையட்டும் என்று மிதித்து முந்துங்கள். சத்தம் வந்தால் எஞ்சின் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். குறைந்த வேகத்தில் பெரிய கியர் போட்டுத் திணற வைப்பதுதான் கெடுதல். ஏசி இழுக்கும் பலம் இவ்வளவு சிறிய எஞ்சினில் நன்றாகவே தெரியும். நான்கு பேர், பெட்டி, ஏற்றம் என்றால் முந்தும் அந்தச் சில நொடிக்கு ஏசியை அணைத்துக்கொள்ளலாம்.

உயரமான வண்டி என்பது ஊருக்குள் வரம். ரோடு நன்றாகத் தெரியும், சந்தில் திருப்பலாம். திறந்த வெளியில் அதே உயரம் பாய்மரம் ஆகிவிடும். ஆனி, ஆடியில் நாகர்கோவில் போகும்போது காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று பக்கவாட்டில் அறையும். லாரியின் மறைவில் காற்று சட்டென்று நின்று, அதைத் தாண்டியதும் மறுபடி அறையும். அந்த நொடியில் வண்டி ஒரு முழம் தள்ளிப்போகும். முதல் தடவை எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அங்கே அறுபதைத் தாண்டாமல், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்து ஓட்டுங்கள். ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்துச் சரிசெய்ய வேண்டாம்.

மலையில் எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய லாரிக்காரர்கள் பாடம், இன்றும் அதுதான் சரி. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பழகிவிட்டு அப்புறம் கொல்லிமலையின் 70-க்குப் போங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காது. நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்துக் கதை. இன்றைய எஞ்சினில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெட்ரோல் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் கொஞ்சம் எரியும். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு, இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும்.

கிளட்ச் பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவதும், மேம்பால ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைப்பதும்தான் கிளட்ச் பிளேட்டைத் தின்கின்றன. ஹேண்ட்பிரேக் எதற்கு இருக்கிறது? 2015-க்குப் பிந்தைய ஏஜிஎஸ் (தானாகவே கியர் மாற்றும்) வண்டி வாங்கினவர்களுக்கும் இதே பேச்சுதான். கிளட்ச் பெடல் இல்லையே தவிர, உள்ளே கிளட்ச் இருக்கிறது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள்.

மழை நீர் தேங்கிய இடத்தில் சக்கரத்தின் நடு மையத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காதீர்கள். இறங்கி நடுவில் எஞ்சின் நின்றுவிட்டதா? மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்து, இரண்டாயிரத்தில் முடிய வேண்டியது அரை லட்சம் ஆகும். தள்ளி மேடேற்றி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மைலேஜ் பார்க்க மீட்டரை நம்ப வேண்டாம். டேங்க் 35 லிட்டர். பெட்ரோல் அடிக்கும் துப்பாக்கி தானாக நிற்கும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்கி, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள். எனக்கு ஊருக்குள் 14, நான்குவழிச் சாலையில் எண்பதில் போனால் 19. நூறில் போனால் 16-க்கு வந்துவிடும். திடீரென்று இரண்டு குறைந்தால் முதலில் டயர் காற்று, அடுத்து ஏர் ஃபில்டர், அப்புறம் எந்தச் சக்கரமாவது பிரேக் பிடித்துக்கொண்டு சுற்றுகிறதா என்று பாருங்கள். காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். பஞ்சர் கடையில் கேட்காமலே 35 அடித்துவிடுவார்கள், சொல்லி அடியுங்கள்.

வருடச் செலவு

10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அப்போது ஆயில். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பேட்டரி மூன்று, நான்கு வருடம் தாங்கும்; செல்ஃப் இழுத்து இழுத்து எடுத்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஐயாயிரத்துக்கு ஒருமுறை அலைன்மென்ட். எனக்கு முதல் வருடத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சேர்த்து ஆண்டுக்குச் சராசரி இருபதாயிரம் ஆகிறது, பெட்ரோல் தனி.

பில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். விற்கும்போது அந்தக் கோப்பைக் காட்டினால் வாங்க வருகிறவர் காந்தத்தை எடுக்கவே மாட்டார். எடுத்தாலும் வெட்கப்பட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

பதினைந்து வருடத்தில் ஆர்சி காலாவதியாகும். வண்டியை எஃப்சிக்குக் (தகுதிச் சான்றுக்குக்) காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது, பசுமை வரியும் எஃப்சிக்காக ஆகும் டிங்கரிங், பெயின்ட் செலவும் தனி. அதனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயது வண்டி வாங்குகிறவர்கள் விலை பேசும்போதே இதைக் கழித்துப் பேசுங்கள். என் வண்டிக்கு அந்த நாள் 2029-இல் வருகிறது. மச்சான் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார், டயர்க் கடனை அதில் கழித்துக்கொள்ளலாமாம்.